வேறு வருட மாடலின் சீட்டை உங்கள் காரில் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிஓஇ எனும் பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்த காரை ஓட்டுபவர்கள் சிங்கப்பூரில் நிறையப் பேர். பத்து வருடம் ஓடிய பிறகும் இன்ஜின் நன்றாக இருக்கும், கியர்பாக்ஸும் சத்தம் போடாது. ஓட்டுநர் சீட் மட்டும் ஒரு பக்கம் அமுங்கி, இடுப்பைப் பதம் பார்க்கும். அந்த நேரத்தில் அதே மாடலின் பிந்தைய வருட சீட் ஒன்று மலிவாகக் கிடைத்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். கழற்றிப் பார்த்தால் நான்கு போல்ட் துளைகளில் இரண்டு பொருந்தும், மற்ற இரண்டு விலகி நிற்கும். கேள்விகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரின் தளத் தகட்டைத் தொடாதீர்கள். சீட்டின் இரும்புச் சட்டத்தையும் தொடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் வரும் பிராக்கெட்டை மட்டும் புதிதாகச் செய்யுங்கள். அதற்குள் அடங்காத வேலை என்றால் அந்த சீட்டை விட்டுவிட்டு வேறொன்று தேடுங்கள்.

ஒரே மாடல்தானே, வருடம் மட்டும்தானே வேறு? அப்படியே உட்காராதா?

தலைமுறை மாறியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். முகப்பு விளக்கும் பம்பரும் மட்டும் மாறிய வருடங்களுக்கு இடையே பெரும்பாலும் தளத் தகடு ஒன்றேதான். சீட் நேராக உட்காரும். புதுத் தலைமுறை வந்துவிட்டால் பெயர் ஒன்றாக இருந்தாலும் கார் வேறு. மஸ்டா எம்எக்ஸ்-5 நல்ல உதாரணம். 1989இல் வந்த முதல் தலைமுறையில் 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையின் சீட் நேராகப் போல்ட் ஆகும், ஏனென்றால் அடித்தளம் பெருமளவு தொடர்ந்தது. 2005இல் வந்த மூன்றாம் தலைமுறை புதிய அடித்தளத்தில் கட்டியது. அதன் சீட்டைப் பழைய இரண்டில் வைக்க வேண்டுமானால் வேலை செய்தே ஆகவேண்டும்.

மறுபக்கமும் உண்டு. பெயர் வேறாக இருந்தும் தளத்தைப் பகிர்ந்துகொண்ட கார்கள் இருக்கின்றன. தொண்ணூறுகளின் ஹோண்டா சிவிக்கில் இன்டெக்ரா டைப் ஆரின் சிவப்பு ரெக்காரோ சீட்டுகளை ஏற்றுவது அந்தக் கார்களை நேசிப்பவர்களிடையே ஒரு மரபாகவே ஆனது இதனால்தான். ஆகவே வருடத்தைக் கேட்பதோடு நிற்காமல் எந்தத் தலைமுறை அடித்தளம் என்று காட்டும் சேசிஸ் குறியீட்டையும் கேளுங்கள். விற்பவர் வருடத்தைத் தவறாகச் சொல்லக்கூடும். குறியீடு காரின் தகட்டிலேயே பொறித்திருக்கும்.

அளக்கத் தொடங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது எது?

ஏர்பேக். துளைகள் மில்லிமீட்டர் சுத்தமாகப் பொருந்தினாலும் ஏர்பேக் ஒத்துவராவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். அதனால் பணம் கொடுப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

பின் சாய்வின் கதவுப் பக்க ஓரத்தில் ஒரு சின்னத் துணி லேபிள் தைத்திருந்தால் அந்த சீட்டுக்குள் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறது என்று பொருள். சீட்டுக்குக் கீழே மஞ்சள் நிறக் கனெக்டர் தொங்கினால் அதுவும் ஏர்பேக் மின்சுற்றைச் சேர்ந்தது. ஏர்பேக்காக இருக்கலாம், பெல்ட்டை இழுத்து இறுக்கும் பிரிடென்ஷனராகவும் இருக்கலாம். இங்கே நான்கு நிலைமைகள் வரும்.

உங்கள் காரிலும் இல்லை, புது சீட்டிலும் இல்லை என்றால் கவலையில்லை. இரண்டிலும் இருந்தால் இன்ஃப்ளேட்டரின், அதாவது பையை ஊதும் வெடிகலத்தின், பாக எண்ணும் கனெக்டரும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றே என்றால் தொடரலாம். உங்கள் காரில் இருந்து, வரும் சீட்டில் இல்லை என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். பக்கவாட்டு மோதலில் விலா எலும்பைக் காப்பாற்ற இருந்த ஒன்றை வசதிக்காக விட்டுக்கொடுப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. உங்கள் காரில் இல்லாமல் வரும் சீட்டில் மட்டும் இருந்தால், இணைப்பே இல்லாத வெடிபொருள் ஒன்றை விலாவுக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டுகிறீர்கள். அதுவும் வேண்டாம்.

இரண்டு வருட மாடல்களுக்கு இடையே ஏர்பேக் கம்ப்யூட்டர் மாறியிருந்தால் டாஷ்போர்டில் எஸ்ஆர்எஸ் எனும் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியும். அதை அணைக்க 2 அல்லது 3 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கனெக்டரில் செருகித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். ஏர்பேக் இருக்கிறது என்று கம்ப்யூட்டரை நம்பவைக்கும் வேலை அது. விளக்கு அணையும், பாதுகாப்பு திரும்பி வராது. நாளை அந்தக் காரை வாங்குபவருக்கும் தெரியாது. அந்த யோசனையைச் சொல்லும் பட்டறையில் மற்ற வேலையையும் கொடுக்காதீர்கள்.

ஏர்பேக் வயர்களை மல்ட்டிமீட்டர் வைத்துச் சோதிக்கவும் கூடாது. மீட்டர் அனுப்பும் சின்ன மின்னோட்டமே ஆபத்தாக முடியலாம். சீட்டைக் கழற்றும் முன் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிக் காத்திருக்க வேண்டும். டொயோட்டா கையேடுகள் குறைந்தது 90 வினாடி என்கின்றன. வேறு சில தயாரிப்பாளர்கள் 3 நிமிடம் என்கிறார்கள். நீண்டதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய காரிலிருந்து எடுத்த ஏர்பேக் சீட்டை நம்பலாமா?

அது எந்தக் காரிலிருந்து வந்தது என்று காட்டினால் மட்டும். டக்காட்டா நிறுவனத்தின் ஏர்பேக் திரும்பப்பெறுதல் உலகம் முழுக்க நடந்ததற்குக் காரணமே இன்ஃப்ளேட்டருக்குள் இருந்த அம்மோனியம் நைட்ரேட் நீண்ட காலச் சூட்டிலும் ஈரப்பதத்திலும் சிதைந்ததுதான். நாம் இருப்பதோ வருடம் முழுக்கச் சூடும் ஈரமும் உள்ள ஊர். வெள்ளத்தில் மூழ்கிய காரின் சீட்டாக இருந்தால் ரெயிலின் அடியில் சேறும் துருவும் காட்டிக்கொடுக்கும். சீட்டைத் திருப்பிப் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

சரி, ஏர்பேக் ஒத்துப்போகிறது. எப்படி அளப்பது?

அளப்பதை அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் உங்கள் இடத்திலேயே நிதானமாகச் செய்யலாம். வெட்டுவதையும் வெல்டிங் செய்வதையும் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

முதலில் காரின் தளத்தில் நான்கு துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளவு எடுங்கள்: முன் இரண்டுக்கு இடையே, பின் இரண்டுக்கு இடையே, இடப்பக்க முன்பின், வலப்பக்க முன்பின். பிறகு இரண்டு மூலைவிட்டங்கள். பலர் மூலைவிட்டத்தை விட்டுவிடுகிறார்கள். நான்கு பக்க அளவும் ஒன்றாக இருந்தாலும் துளைகள் சாய்சதுரமாக நிற்கலாம், அதை மூலைவிட்டம்தான் காட்டும். மையத்தைக் கண்ணால் மதிப்பிடுவதைவிட, இரண்டு துளைகளிலும் ஒரே அளவு போல்ட்டை முடுக்கி, இடப்பக்க விளிம்பிலிருந்து இடப்பக்க விளிம்புக்கு அளப்பது துல்லியம்.

அடுத்தது உயரம். கதவுப் பக்கத் துளை ஒரு மட்டத்திலும், காரின் நடுவில் மேடாக ஓடும் கியர் டன்னல் பக்கத் துளை வேறு மட்டத்திலும் இருக்கும். சில கார்களில் டன்னல் பக்கத் துளை சரிவிலேயே இருக்கும். நேரான அலுமினியக் கம்பி ஒன்றைக் குறுக்கே வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு துளைக்கும் எவ்வளவு இறக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே ஆறு நீளங்களையும் நான்கு உயரங்களையும் சீட்டின் கால்களிலும் எடுங்கள்.

இப்போது ஒரு கெட்டி அட்டையை எடுத்து, காரின் துளைகளை நீல மையிலும் சீட்டின் துளைகளைச் சிவப்பிலும் ஒரே தாளில் குறியுங்கள். உதாரணமாக முன் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன, பின்னால் கதவுப் பக்கம் 6 மி.மீ. விலகல், டன்னல் பக்கம் 22 மி.மீ. விலகல், கூடவே 15 மி.மீ. உயர வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். இந்த அட்டையைப் பார்த்ததும் வேலை எவ்வளவு என்று தெரிந்துவிடும். 22 மி.மீ. விலகல் நல்ல செய்தி. பழைய துளையும் புதுத் துளையும் ஒரே பிராக்கெட்டில் போதிய இடைவெளியோடு உட்காரும். 6 மி.மீ. விலகல்தான் தொல்லை. இரண்டு துளைகளும் ஒன்றை ஒன்று வெட்டும் தூரம் அது.

6 மி.மீ. தானே? அரத்தால் ராவித் துளையை நீட்டிவிட்டால் போகாதா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. செய்யாதீர்கள் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

துளையிலிருந்து தகட்டின் ஓரம்வரை மிஞ்சும் இரும்புதான் விபத்தில் கிழியாமல் நிற்க வேண்டும். துளையின் மையத்திலிருந்து ஓரத்துக்குத் துளை விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது, முடிந்தால் இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்பது பட்டறைகளில் பழகிய கணக்கு. 11 மி.மீ. துளைக்கு 17 முதல் 22 மி.மீ. வரும். சீட்டின் காலில் ஆரம்பத்திலேயே அவ்வளவுதான் இடம் இருக்கும். அதில் 6 மி.மீ. தின்றுவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

இரண்டாவது, நீண்ட துளையில் போல்ட்டின் இறுக்கம் மட்டுமே சீட்டைப் பிடித்திருக்கும். மோதலின்போது சீட் அந்தத் துளைக்குள் வழுக்கி ஓடி, முனையில் போய் இடிக்கும். ஒரு மில்லிமீட்டர் சரிக்கட்ட வேண்டும் என்றால் அது அளவுப் பிழையைச் சரிசெய்வது. ஆறு மில்லிமீட்டர் என்றால் தனிப் பிராக்கெட் வேண்டும்.

பிராக்கெட் எவ்வளவு பலமாக இருக்க வேண்டும்?

இதை உணர்ச்சியால் தீர்மானிக்காமல் எண்ணால் தீர்மானிப்போம். சீட்டின் பிடிமானத்துக்கான ஐக்கிய நாடுகளின் 17ஆம் விதிமுறையும் அமெரிக்காவின் 207ஆம் தரமும் ஒரே கணக்கைத்தான் கேட்கின்றன: சீட் தன் எடையைப்போல் 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். 20 கிலோ சீட்டுக்கு அது ஏறக்குறைய 3,900 நியூட்டன். கேட்க அதிகமாகத் தெரியாது.

ஆனால் இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் சீட் பெல்ட்டின் பக்கிள் சீட்டின் சட்டத்தோடுதான் இருக்கிறது. அப்படியானால் சீட்டின் எடை மட்டும் கணக்கில்லை. உட்கார்ந்திருப்பவரின் உடலும் அந்தப் பக்கிள் வழியே அதே போல்ட்டுகளை இழுக்கும். பெல்ட் பிடிமானத்துக்கான 14ஆம் விதிமுறையில் சாதாரணக் காருக்கு மார்புப் பட்டையை 13,500 நியூட்டனும் இடுப்புப் பட்டையை இன்னொரு 13,500 நியூட்டனும் இழுத்துச் சோதிக்கிறார்கள். ஒவ்வொன்றும் 1,300 கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். அதில் கணிசமான பங்கு பக்கிள் பக்கம்தான் இறங்கும்.

முன்னால் மோதும்போது சீட் முன்னோக்கிக் கவிழப் பார்க்கும். முன் கால்கள் தரையில் அழுந்தும், பின் கால்கள் மேலே பிடுங்கப்படும். ஆகவே நான்கு மூலைகளில் அதிகம் உழைப்பது பின்பக்க டன்னல் மூலை, அதாவது பக்கிளுக்கு அடியில் இருப்பது. மேலே சொன்ன உதாரணத்தில் 22 மி.மீ. விலகியதும் அதே மூலைதான். வேறு எங்கு சிக்கனம் பிடித்தாலும் அந்தப் பிராக்கெட்டில் பிடிக்காதீர்கள்.

பந்தயக் கார்களுக்கு எஃப்ஐஏ எனும் அனைத்துலக மோட்டார் சம்மேளனம் வகுத்த விதிகள் நல்ல குறைந்தபட்ச அளவுகோல் தருகின்றன: சீட் தாங்கிகள் இரும்பானால் குறைந்தது 3 மி.மீ. தடிமன், இலேசான உலோகமானால் 5 மி.மீ.; நான்கு பிடிமானப் புள்ளிகள்; போல்ட் குறைந்தது 8 மி.மீ. விட்டம், ஒவ்வொரு புள்ளியிலும் தகட்டோடு தொடும் பரப்பு குறைந்தது 40 சதுர சென்டிமீட்டர். பந்தயக் காரில் பெல்ட் தனியாகக் காரின் உடலில் மாட்டியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். பக்கிள் சீட்டிலேயே இருக்கும் நம் கார்களுக்கு 5 மி.மீ. மைல்ட் ஸ்டீலுக்குக் குறைந்து நான் சொல்ல மாட்டேன்.

வடிவமும் தடிமன் அளவுக்கு முக்கியம். தட்டையான பட்டை ஒன்றை இரண்டு துளைகளுக்கு நடுவில் வைத்தால் மேல்நோக்கி இழுக்கும்போது அது வளைந்துவிடும். ஓரத்தை மடித்து எல் வடிவமாக்கி, மடிப்பின் உள்பக்கம் முக்கோணத் தகடு ஒன்றை வெல்டு செய்தால் அதே தடிமன் பல மடங்கு விறைப்பாகும். முதலில் அட்டையில் வெட்டி, காரில் வைத்துப் பார்த்து, பிறகு இரும்பில் வெட்டச் சொல்லுங்கள். துளைகளை டிரில்லில் போடச் சொல்லுங்கள். கேஸ் வைத்துக் கருக்கிய துளையின் ஓரத்தில் விரிசல் தொடங்கும்.

உயர வித்தியாசத்துக்கு வாஷர்களை அடுக்கலாமா?

ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு ஒரே கெட்டி வாஷர் போடலாம். 15 மி.மீ. உயரத்துக்கு வாஷர் அடுக்கினால் போல்ட் இழுபடுவதோடு வளையவும் செய்யும், அடுக்கும் நாளடைவில் தளரும். அதற்குச் சதுரக் குழாய்த் துண்டு ஒன்றை முழு அகலத்துக்கும் வைத்து, போல்ட் நுழையும் இடத்தில் உள்ளே ஒரு உருளைக் குழாயை வெல்டு செய்யச் சொல்லுங்கள். உள்குழாய் இல்லாவிட்டால் முடுக்க முடுக்கச் சதுரக் குழாய் நசுங்கிக்கொண்டே போகும், இறுக்கம் ஒருபோதும் நிலைக்காது.

எந்தப் போல்ட்?

காரோடு வந்த பழைய போல்ட்டின் நீளம் போதுமானால் அதையே. நீளம் வேண்டுமென்றால் தலையில் 8.8 அல்லது 10.9 என்று வலுத் தரம் பொறித்தது. ஜப்பானியக் கார்கள் பலவற்றில் 10 மி.மீ. விட்டம், 1.25 மரை இடைவெளி. கடையில் எளிதாகக் கிடைக்கும் 10 மி.மீ. போல்ட்டின் மரை 1.5. அதைக் கட்டாயப்படுத்தி முடுக்கினால் தளத்தோடு வெல்டு செய்த நட்டின் மரை போய்விடும், சின்ன வேலை பெரிய வேலையாகும். கையால் நான்கைந்து சுற்று இலேசாக ஏறாத போல்ட்டில் ஸ்பேனரை வைக்காதீர்கள். நட்டுக்குள் குறைந்தது போல்ட்டின் விட்டம் அளவுக்காவது, அதாவது 10 மி.மீ. ஆழமாவது மரை பிடித்திருக்க வேண்டும்.

துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் போல்ட் கேட்பவர்கள் உண்டு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 வகை 8.8ஐவிட வலு குறைந்தது. துருவுக்குத் துத்தநாகப் பூச்சுள்ள 8.8 போதும், சீட்டுக்கு அடியில் மழை பெய்யப் போவதில்லை.

பிராக்கெட்டே இல்லாமல் செய்ய வழியில்லையா?

உண்டு. பலருக்கு இதுவே நல்ல வழி என்று நினைக்கிறேன். சீட் என்பது இரண்டு பகுதி: மேலே சட்டமும் ஃபோமும், கீழே ரெயிலும் காலும். தளத்தில் பொருந்தாமல் போவது கீழ்ப்பகுதிதான். உங்கள் பழைய சீட்டின் ரெயிலைக் கழற்றிப் புது சீட்டின் சட்டத்தில் போல்ட் ஆகிறதா என்று பாருங்கள். ஒரே தயாரிப்பாளரின் அடுத்தடுத்த வருட சீட்டுகளில் இது அடிக்கடி பொருந்தும். பொருந்திவிட்டால் தளத்தில் உங்கள் காரின் அசல் கால்களே உட்காரும். ரெயில் ரிவெட் அடித்திருந்தால் அல்லது வெல்டு செய்திருந்தால் இதைக் கைவிடுங்கள். சீட் சட்டங்களிலும் ரெயில்களிலும் உறுதி கூட்டிய இரும்பு இருக்கிறது, வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அதன் வலு மாறிவிடும்.

இன்னொரு வழி இதைவிட எளிது. ஃபோமும் உறையும் மட்டும்தான் பிரச்சினை என்றால், புது சீட்டின் ஃபோமையும் உறையையும் உரித்து உங்கள் பழைய சட்டத்தில் போடச் சொல்லுங்கள். ஒரே தலைமுறைக்குள் பெரும்பாலும் ஏறும். ஆனால் ஏர்பேக் இருக்கும் பக்கத் தையல் வெடித்துத் திறப்பதற்காகவே விசேஷமாகத் தைத்தது. லெதர் போடுபவர் அதைச் சாதாரண நூலால் மறுபடி தைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தளத் தகட்டில் புதுத் துளை போடலாமா?

வேண்டாம். அசல் துளைகளுக்குக் கீழே குறுக்குச் சட்டமும் வெல்டு செய்த நட்டும் இருக்கின்றன. அவற்றை விட்டு நகர்ந்தால் வெறும் மெல்லிய தகடுதான்.

பெல்ட் பக்கிளை மாற்ற வேண்டுமா?

உங்கள் காரின் பெல்ட் நாக்கு உங்கள் காரின் பக்கிளில்தான் பூட்ட வேண்டும். புது சீட்டோடு வந்த பக்கிளில் ‘கிளிக்’ சத்தம் கேட்டாலும் அது சரியான ஜோடி என்று அர்த்தமில்லை. பழைய பக்கிளைப் புது சீட்டுக்கு மாற்றும்போது பிரிடென்ஷனர் அதில் இருந்தால் மஞ்சள் கனெக்டர் பற்றி மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

உட்கார்ந்து பார்த்ததும் இடுப்புப் பட்டை எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். தொடை மேற்பகுதியில், இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். சீட் தாழ்ந்து பக்கிள் மேலே நின்றால் பட்டை வயிற்றுக்கு ஏறும். விபத்தில் வயிற்றின் மேல் பட்டை இறுகினால் உள்ளுறுப்புகள் காயப்படும். பட்டை வயிற்றில் விழுந்தால் பிராக்கெட்டை மறுபடி செய்ய வேண்டியதுதான், வேறு சமாதானம் கிடையாது.

இடப்பக்க ஓட்டுநர் நாட்டிலிருந்து சீட் வாங்கினால்?

அங்கே ஓட்டுநர் சீட் இடப்பக்கம். இங்கே அது பயணி இடத்துக்குத்தான் போகும், ஏனென்றால் ஏர்பேக் கதவுப் பக்கமும் பக்கிள் டன்னல் பக்கமும் இருந்தாக வேண்டும். அமெரிக்கச் சந்தையின் பயணி சீட்டில் பெரும்பாலும் எடை உணரும் சென்சாரும் இருக்கும். 2003 முதல் 2006 வரை படிப்படியாக அங்கே கட்டாயமான மேம்பட்ட ஏர்பேக் விதியால் வந்தது அது. உங்கள் காரின் கம்ப்யூட்டருக்கு அதோடு பேசத் தெரியாது.

மின்சார சீட்டுக்கு வயரிங்?

மோட்டாருக்குத் தனி ஃபியூஸ் போட்ட 12 வோல்ட் இணைப்பும் நல்ல எர்த்தும் போதும். ஃபியூஸ் அளவை சீட் வந்த காரின் வயரிங் படத்திலிருந்து எடுங்கள். ஏர்பேக் வயரிலிருந்தோ பக்கிள் சுவிட்சிலிருந்தோ மின்சாரம் எடுக்க வேண்டாம். சூடேற்றும் சீட்டின் இணைப்பை இங்கே யாரும் தேடப் போவதில்லை, அதைக் காப்பிட்டுக் கட்டிவிடுங்கள்.

சட்டப்படி செய்யலாமா?

நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, அனுமதி பெற்றுச் செய்ய வேண்டியவை, செய்யவே கூடாதவை. வேலை தொடங்கும் முன் அதன் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் சீட் பற்றிய பகுதியைப் படித்துவிடுங்கள். பதிவில் உள்ள இருக்கை எண்ணிக்கை மாறும் வேலையானால், உதாரணமாக ஏழு பேர் காரின் நடுவரிசையில் இரண்டு தனி சீட் வைப்பது, அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

மூன்று முதல் பத்து வயதுவரை உள்ள கார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குப் போகிறது. பத்தைத் தாண்டினால் வருடா வருடம். சிஓஇ புதுப்பித்த கார் என்றால் ஒவ்வொரு வருடமும் விக்காம், எஸ்டிஏ, ஜேஐசி என ஏதாவது ஒரு நிலையத்தில் காட்டியாக வேண்டும். அளவு எடுத்த அட்டை, பிராக்கெட்டின் படம், போல்ட் ரசீது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்திருங்கள். கேட்டால் காட்டலாம்.

காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் விட்ட மாற்றம் இழப்பீடு கோரும் நாளில்தான் கிளம்பி வரும்.

எங்கே தேடுவது?

சின் மிங், காக்கி புக்கிட், ஊபி பகுதிப் பட்டறைகளில் கேட்டால், அந்த மாடலை உடைக்கப் போகிறவர் யார் என்று வழிகாட்டுவார்கள். எல்லைக்கு அப்பால் ஜொகூர் பாருவில், பாதியாக வெட்டிய பழைய கார்களை விற்கும் ஹாஃப்கட் கடைகளில் ஜப்பானியக் கார்களின் பாகங்கள் அதிகம் கிடைக்கும். அங்கே சீட்டோடு அதன் ரெயில், கால், போல்ட், கனெக்டரோடு சேர்ந்த ஒரு சாண் வயர் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். வெட்டி எறிந்த கனெக்டருக்கு மாற்று தேடுவது பெரும் பாடு. 48 மணி நேரத்துக்குள் சிங்கப்பூர் திரும்பினால் வரிவிலக்கு 100 வெள்ளிவரைதான், அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. சோதனைச் சாவடியில் நீங்களாகவே அறிவித்துச் செலுத்திவிடுங்கள்.

பின் சீட்டை மாற்றினால் பிள்ளைகளுக்கான இருக்கை?

1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளவர்களுக்கு இங்கே பொருத்தமான குழந்தை இருக்கை கட்டாயம். அந்த இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் வளையங்கள் காரின் உடலில் இருக்கும். புது சீட்டின் மெத்தையில் அதற்கான பிளவு வேறு இடத்தில் இருந்தால் குழந்தை இருக்கை முழுதாகப் பூட்டாது. குழந்தை இருக்கையைக் கையோடு எடுத்துப்போய், பட்டறையிலேயே பூட்டி, பச்சைக் குறி வருகிறதா என்று பார்த்த பிறகே காரை எடுங்கள்.

பொருத்தும்போது எந்த வரிசை?

நான்கு போல்ட்டையும் கையால் பாதி மட்டும் ஏற்றுங்கள். சீட்டை முழுக்க முன்னால் தள்ளி, பின் இரண்டையும் இலேசாக இறுக்குங்கள். முழுக்கப் பின்னால் தள்ளி முன் இரண்டை இறுக்குங்கள். இரண்டு ரெயிலும் இணையாக நிற்கத்தான் இந்த முன்பின் ஓட்டம். பிறகே டார்க் ரெஞ்சால் உங்கள் காரின் கையேடு சொல்லும் அளவுக்கு முடுக்க வேண்டும். டொயோட்டா பலவற்றில் அது 37 நியூட்டன் மீட்டர்.

இப்போது சீட்டை ஒவ்வொரு பல்லாக நகர்த்துங்கள். கைப்பிடியை விட்டதும் இரண்டு பக்க ரெயிலும் ஒரே நேரத்தில் பூட்டும் சத்தம் வர வேண்டும். ஒரு பக்கம் முந்தி, ஒரு பக்கம் பிந்தினால் ஏதோ ஒரு பிராக்கெட் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால், பூட்டும் பல் பாதித் துளையில் ஏறி உட்கார்ந்திருப்பது தெரியும். அப்படிப் பாதியில் நிற்கும் பூட்டு சாலையில் பிரேக் அடிக்கும்போது விட்டுவிடும், சீட் ஓட்டுநரோடு முன்னால் ஓடும். இதைச் சரிசெய்யாமல் காரை நகர்த்தவே கூடாது.

பிரேக் மிதியை முழுக்க அழுத்திப் பாருங்கள், முழங்கால் ஸ்டீயரிங்கில் முட்டக்கூடாது. தலைக்கும் கூரைக்கும் இடையே கை நுழைய வேண்டும். பேட்டரியை இணைத்து, எஸ்ஆர்எஸ் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றாலும் கோளாறுதான். சில நாள் ஓட்டிய பின் நான்கு போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். புதுப் பெயின்ட் அமுங்கி, முதல் வாரத்தில் இறுக்கம் சற்றுக் குறைவது வழக்கம்.

பழைய சீட்டை எறிந்துவிடலாமா?

ஒரு ஆய்வாவது முடியும்வரை வைத்திருங்கள். வீவக வீட்டில் இடம் குறைவுதான், பாம் ஷெல்டரில் நிமிர்த்தி வைத்தால் ஒரு மூலையோடு போகும். ஏர்பேக் உள்ள சீட்டானால் வெயில் படும் பால்கனியில் வைக்க வேண்டாம். அசல் போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு அந்த சீட்டின் காலிலேயே கட்டிவிடுங்கள்.